கெட்டிப் பால்

வெள்ளிக்கு ஆயுசு நாலு மணி நேரம். காலை ஏழு மணிக்குப் பிறந்தால் பதினொன்றுக்குள் வேலையை முடித்துக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் கொலுசு கறுப்பதுபோலக் கறுத்து, எதைக் கண்டாலும் காணாதமாதிரி இருந்துவிடும். சென்னையில் குளுகுளு அறையில் செய்து பெட்டி பெட்டியாக அனுப்பிவிடலாம் என்றுதான் பால் காப்பு வாரியம் முதலில் நினைத்தது. பெட்டிகள் பெரம்பலூர் வந்து சேர்வதற்குள் எல்லாம் செத்துப்போயிருந்தன. பிறகுதான் பதின்மூன்று வேன்களை வாங்கி, ஒவ்வொன்றிலும் ஓர் அடுப்பையும் ஓர் ஆளையும் ஏற்றி, ஊர் ஊராகப் போய் அங்கேயே காய்ச்சிக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டது.

ஒன்பதாம் எண் வேனில் ஏற்றப்பட்ட ஆள் இலக்கியா. வயது நாற்பத்தைந்து. ஐந்து வருடமாக வெள்ளி காய்ச்சுகிறாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுக்கு அது பெருமையாக இருந்தது. இப்போது காலையில் எழுந்ததும் முழங்கால்தான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது.

அன்று வேப்பங்கரை ஊரின் நுழைவாயிலில் ஒரு புளியமரத்தடியில் வேன் நின்றது. சித்திரை மாதம். ஏழு மணிக்கே வேனின் தகரம் சுட்டது. இலக்கியா கருநீலக் கையுறையை மாட்டிக்கொண்டு, வெள்ளி உப்பு கரைத்த தண்ணீரை அடுப்பில் வைத்தாள். கொதி வந்ததும் எலுமிச்சை உப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். தெளிந்த தண்ணீர் மெல்ல மஞ்சளாகி, வைக்கோல் ஊறிய தண்ணீர் நிறத்துக்கு வந்தது. கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான வெள்ளி மணிகள் அதில் மிதக்கின்றன என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அடுத்ததுதான் கஷ்டமான கட்டம். அதில் உப்புத் தண்ணீர் விட வேண்டும். உப்பு குறைந்தால் மணிகள் தனித்தனியாக விலகி நிற்கும், நஞ்சு பக்கத்தில் வந்து நின்றாலும் காட்டாது. கூடினால் எல்லாம் ஒன்றாகத் திரண்டு அடியில் மண்டியாக இறங்கிவிடும். நடுவில் ஓர் இடம் இருக்கிறது. மஞ்சள் லேசாகப் பச்சைக்குத் திரும்பும் அந்த இடத்தைக் கண்ணால் பார்த்து, கையை நிறுத்த வேண்டும்.

இலக்கியா நிறுத்தினாள். தபால்தலை அளவு காகிதத் துண்டுகளில் அதைச் சொட்டி, காயவைத்தாள்.

"இன்னைக்கு எத்தனை வீடு மேடம்?" என்று முன்சீட்டிலிருந்து கேட்டார் சாதிக் பாட்சா. வேன் ஓட்டுபவர். அவளைவிட ஏழெட்டு வயது மூத்தவர்.

"இந்த ஊர்ல ஒண்ணுதாண்ணே. ரெண்டாவது டெஸ்ட். மித்ரான்னு ஒரு பொண்ணு. அப்புறம் அடுத்த ஊர்ல நாலு."

"ரெண்டாவதா..." என்று இழுத்தார் சாதிக். ரெண்டாவது டெஸ்ட் என்றால் முதல் டெஸ்டில் கருவியின் திரையில் நஞ்சின் கோடு விழுந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும். இரண்டாவதிலும் விழுந்தால், மாத்திரைப் பெட்டியை அவர்தான் தூக்கிக்கொண்டு கூடப் போக வேண்டும்.

கதை இவ்வளவுதான். எட்டு வருடத்துக்கு முன்னால் இந்தப் பக்கத்தில் பிறந்த குழந்தைகள் பலவற்றுக்குக் கைகால் வலுவில்லாமல் போனது. பருத்தி விதையிலும் மக்காச்சோள விதையிலும் பூச்சு பூச்சாகத் தடவி விற்ற ஒரு மருந்து, தாய்ப்பால் வழியாக இறங்குகிறது என்று கண்டுபிடித்தார்கள். மருந்தைத் தடை செய்தார்கள். சட்டம் போட்டார்கள். பாலில் அந்த நஞ்சு துளி இருந்தாலும் தாய் பால் கொடுக்கக்கூடாது. இரண்டு முறை கோடு விழுந்தால் பால் வற்றும் மாத்திரையை அந்த இடத்திலேயே, வாரிய ஆளின் கண்முன்னால் விழுங்க வேண்டும். குழந்தைக்கு மாவுப் பால் டின் அரசாங்கமே கொடுத்துவிடும்.

தடை போட்டு ஆறு வருடமாகியும் கோடு நின்றபாடில்லை. மூன்று வருடத்துக்கு முன், பழையதைவிட நூறு மடங்கு கூர்மையான புது வெள்ளி வந்த பிறகு கோடுகள் இன்னும் கூடத்தான் செய்தன. மண்ணில் இறங்கிய நஞ்சு லேசில் போகாது என்று வாரியம் விளக்கம் சொன்னது. வாரியத்தின் சுற்றறிக்கைகளை எல்லாம் ஏற்றினால் வேன் நகராது. அவற்றில் எதிலாவது இதற்குப் பதில் இருக்கும் என்று எல்லோரும் நம்பிக்கொண்டார்கள். இலக்கியாவும் நம்பினாள்.

வேன் மித்ராவின் வீட்டு முன்னால் போய் நின்றபோது வாசலிலேயே மாமியார் நின்றுகொண்டிருந்தாள். பெயர் பிரியதர்ஷினி. ஒரு காலத்தில் பள்ளிக்கூட வாசலில் துறுதுறுவென்று நின்ற பிரியதர்ஷினிகளும் ஐஸ்வர்யாக்களும்தான் இன்று ஊர் முழுக்க மாமியார்களாக இடுப்பில் கைவைத்து நிற்கிறார்கள். காலம் யாரையும் விடுவதில்லை.

"வந்துட்டீங்களா? வாங்க வாங்க. இன்னைக்கு என்ன சொல்லப் போறீங்கன்னு கேப்போம்."

"நான் என்னக்கா சொல்றது? கருவி சொல்றதுதான்."

"கருவிக்கு என்ன தெரியும்? ஏழு வாரத்துப் புள்ள. எட்டாம் மாசத்துலயே பொறந்தது. டின் பால குடுத்தா, குடுத்த வேகத்துல கக்குது. ஆஸ்பத்திரி டாக்டரே சொல்லிட்டாரு, தாய்ப்பால் மட்டுந்தான் இதோட வவுத்துல தங்கும்னு. அத நிறுத்துனா புள்ள என்னத்தத் திங்கும்? உங்க கருவியவா?"

உள்ளே கட்டிலில் மித்ரா உட்கார்ந்திருந்தாள். இருபத்து நாலு வயது. மடியில் குழந்தை, துணிப்பொட்டலம் அளவுதான் இருந்தது. முதல் டெஸ்டுக்குப் பிறகு மூன்று நாளாக அவள் பால் கொடுக்கவில்லை. வற்றிப்போகாமலிருக்கப் பீய்ச்சிப் பீய்ச்சி வாசற்படியோரம் ஊற்றிக்கொண்டிருந்தாள். குழந்தை அழுகிற தெம்புகூட இல்லாமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது.

இலக்கியா எத்தனையோ குழந்தைகளைப் பார்த்தவள். இருந்தும் அவளுக்குப் பார்வையைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தது.

"மேடம், ஒரு சந்தேகம் கேக்கலாமா?" என்றாள் மித்ரா. "நான் வயக்காட்டுப் பக்கம் போயி ரெண்டு வருசமாச்சு. திருச்சியில கம்ப்யூட்டர் வேலை. கர்ப்பமானதும்தான் இங்க வந்தேன். மாடியில போட்ட கீரை, கேன் தண்ணி. எனக்கு எப்படி வந்துச்சு அது?"

எல்லோரும் கேட்கும் கேள்விதான். இலக்கியா மனப்பாடமாக வைத்திருந்த பதிலைச் சொன்னாள். "வெள்ளிய ரொம்பப் பொடி மணியா செஞ்சு வச்சிருக்கோம்மா. ரெண்டு மணி ஒட்டிக்கிட்டு நிக்கிற இடத்துல ஒரு சந்து இருக்கும். நஞ்சு துளியூண்டு இருந்தாலும் அந்தச் சந்துல போயி உக்காந்துக்கும். அங்க வெளிச்சத்தப் பாய்ச்சுனா, ஒண்ணு இருந்தா பத்து லட்சம் இருக்கிற மாதிரி காட்டும். அதனால கண்ணுல படாததுகூட அதுல தப்பாது. நீ தெரிஞ்சு தொட்டிருக்கணும்னு இல்ல. காத்துல, துணியில, எங்கயோ இருந்திருக்கும்."

"அப்ப எல்லாருக்குந்தானே இருக்கணும்?"

"எல்லாருக்கும் வராது. பாதிப் பேருக்கு வரும்."

"எந்தப் பாதிக்குன்னு நான் சொல்லட்டுமா?" என்று குறுக்கே வந்தாள் பிரியதர்ஷினி. "எதிர்வீட்டு சுவாதிக்கு வந்துச்சு. பால்வாடி டீச்சருக்கு வந்துச்சு. என் தங்கச்சி மருமவளுக்கு வந்துச்சு. எல்லாம் நல்லா கெட்டிப் பால் உள்ளவளுங்க. ஒருத்திக்கு நீர்த்த பாலா இருந்துச்சு பாருங்க, மேலத்தெருவுல, தண்ணி மாதிரி, அவளுக்கு மட்டும் ஒண்ணும் இல்லன்னு எழுதிக் குடுத்துட்டுப் போனீங்க. உங்க கருவிக்குக் கெட்டிப் பாலக் கண்டா ஆவாதோ?"

"அப்படியெல்லாம் இல்லக்கா" என்றாள் இலக்கியா. சொல்லிவிட்டாளே தவிர, அந்தப் பேச்சு காதுக்குள் எங்கேயோ தங்கிவிட்டது.

பெட்டியைத் திறந்தாள். முதலில் சாட்சித் துளிகள். மூடி முத்திரையிட்ட சின்னக் குப்பிகளில் வரும். ஒன்றில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் ஒரு சாயம். தண்ணீரைக் குப்பியிலிருந்து நேரே வெள்ளித் துண்டில் சொட்டினால் கோடு விழக்கூடாது. சாயத்தைச் சொட்டினால் விழ வேண்டும். இரண்டும் சரியாக இருந்தன. வெள்ளி விழித்துக்கொண்டிருந்தது.

பிறகு புதுக் கையுறை. ஒவ்வொரு தாய்க்கும் புது ஜோடி மாற்றுவாள் இலக்கியா. பதின்மூன்று வேன்களில் இதை ஒழுங்காகச் செய்கிறவள் அவள் ஒருத்திதான் என்று வாரியத்தில் பெயர். போன வருடம் அவள் வேலை செய்வதைப் படமெடுத்து, எல்லா வேன்களுக்கும் பாடமாக அனுப்பியிருந்தார்கள். கண்ணாடிக் குழாயில் பாலை எடுத்து, கரைப்பானை ஊற்றி, குழாயின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தி மூடி, தலைகீழாகப் புரட்டிப் புரட்டி அறுபது எண்ணும்வரை அவள் குலுக்குவதுகூட அந்தப் படத்தில் இருந்தது. குழாய்களுக்கு மூடி வந்துகொண்டிருந்தது ஒரு காலத்தில். வெயிலில் விரிந்து ஒழுகியது. அதிலிருந்து கட்டைவிரல்தான். ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், இதைச் செய்யாத ஆள் கிடையாது.

பாலை எடுத்துக்கொடுத்த மித்ரா குழாயை விடவில்லை.

"நானே குலுக்குறேன்."

"அது கூடாதும்மா. விதி இருக்கு."

"என்ன விதி? எம் பாலு. எங்கிட்டயிருந்துதானே வந்துச்சு. போன தடவை நீங்க அங்கிட்டுத் திரும்பி நின்னு என்னமோ பண்ணீங்க, கோடு விழுந்துருச்சு. இந்தத் தடவ எங் கையால பண்ணித்தான் நான் மாத்திரைய முழுங்குவேன்." அவள் குரல் உயரவில்லை. கண்ணில் தண்ணீர் மட்டும் நின்றது.

வேறொரு நாளாக இருந்தால் இலக்கியா விதி எண்ணைச் சொல்லிக் குழாயை வாங்கியிருப்பாள். அன்று ஏனோ வாதாட உடம்பில் தெம்பில்லை. எப்படியும் கோடு விழத்தான் போகிறது, அவளாவது சமாதானப்படட்டும் என்று விட்டுவிட்டாள். "கைய நல்லா கழுவிட்டு வா. வாயை விரலால இறுக்கி மூடிக்க. அறுபது எண்ணு" என்றாள்.

மித்ரா எண்ணினாள். பிரியதர்ஷினியும் சேர்ந்து எண்ணினாள். தெளிந்து மேலே நின்ற துளியை இலக்கியா எடுத்து வெள்ளியில் வைத்தாள். கருவியின் சிவப்பு வெளிச்சத்தைக் காட்டினாள். திரையில் கோடு விழும் இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஒன்றும் விழவில்லை.

துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு துண்டில் இன்னொரு துளி வைத்தாள். அதிலும் இல்லை. வெள்ளி செத்துவிட்டதோ என்று சாயத்தைச் சொட்டினாள். சாயத்தின் கோடு பளிச்சென்று எழுந்து நின்றது. மணி ஒன்பதரைதான்.

"இல்லைன்னு வந்துருச்சா?" என்று எட்டிப்பார்த்தாள் பிரியதர்ஷினி.

"கொஞ்சம் இருங்கக்கா."

மிச்சமிருந்த பாலை இன்னொரு குழாயில் எடுத்தாள். இந்த முறை அவளே, எப்போதும்போல, புதுக் கையுறை மாட்டிய கட்டைவிரலால் மூடி அறுபது குலுக்கினாள். துளியை வைத்தாள். கோடு விழுந்தது. நெட்டுக்குத்தாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல்.

ஒரே தாய், ஒரே பால், ஒரே வெள்ளி. மாறியது விரல் ஒன்றுதான்.

இலக்கியா தன் கட்டைவிரலைப் பார்த்தாள். கருநீல ரப்பர், பால்பட்டு ஈரமாக மினுங்கியது. இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் டிப்ளமோவில் ஒரு பரீட்சைக்காக எழுதிய விடை அப்போது ஞாபகத்துக்கு வந்தது. விதைக்குப் பூசும் அந்த மருந்தின் இதர பயன்களைக் கூறுக. ஐந்து மதிப்பெண். ரப்பரை இறுகவைக்கும் தொழிற்சாலைகளிலும் இது சேர்க்கப்படுகிறது என்று எழுதி, ஐந்துக்கு ஐந்து வாங்கியிருந்தாள்.

"சாதிக் அண்ணே" என்று வாசலுக்குக் குரல் கொடுத்தாள். "டீக்கு வாங்கி வச்ச பாக்கெட் பால் இருக்கா?"

"இருக்கு மேடம். என்ன, டீ போடட்டுமா?"

"பாக்கெட்டோட எடுத்துட்டு வாங்க."

பாக்கெட் பாலை வெறும் விரலால் மூடிக் குலுக்கினாள். கோடு இல்லை. கையுறை விரலால் மூடிக் குலுக்கினாள். கோடு. தண்ணீரைக் கையுறை விரலால் குலுக்கிப் பார்த்தாள். கோடு இல்லை. கடைசியாக, பிரியதர்ஷினியிடம் கொஞ்சம் தேங்காயெண்ணெய் கேட்டு வாங்கி, புதுக் கையுறை ஒன்றின் கட்டைவிரலைக் கத்திரித்து அதில் போட்டு, அஞ்சு நிமிடம் பொறுத்து அந்த எண்ணெயைச் சோதித்தாள். கோடு திரையின் உச்சியை முட்டியது.

தண்ணீருக்கு அந்த நஞ்சைக் கையுறையிலிருந்து இழுக்கத் தெரியாது. கொழுப்புக்குத் தெரியும். கொழுப்பு அதிகமுள்ள பால் அதிகமாக இழுக்கும். பழைய வெள்ளி மந்தமானது, அதற்கு இவ்வளவு கொஞ்சம் தெரிந்திருக்காது. புது வெள்ளிக்கு எல்லாம் தெரிந்தது. நல்ல கெட்டிப் பால் உள்ளவளாகப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொருத்திக்கும் புதுசு புதுசாகக் கையுறை மாற்றி, இலக்கியா மூன்று வருடமாகப் பாலை நிறுத்திக்கொண்டு வந்திருக்கிறாள்.

அவள் ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"மேடம்?" என்றாள் மித்ரா.

"குடு. புள்ளைக்குப் பால குடு. ஒண்ணும் இல்ல உம் பால்ல."

மித்ரா நம்பாமல் பார்த்தாள். பிறகு அவசர அவசரமாகக் குழந்தையை எடுத்து அணைத்துக்கொண்டாள். குழந்தைக்கு முதலில் பிடிக்கத் தெரியவில்லை. மூன்று நாளில் மறந்துபோயிருந்தது. இரண்டு முறை நழுவி, மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது. அது விழுங்கும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. மித்ரா சத்தம்போட்டு அழுதாள்.

பிரியதர்ஷினி அழவில்லை. சுவரோரமாக நின்று, மேசையில் கிடந்த கத்திரித்த கையுறையையும் எண்ணெய்க் கிண்ணத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கெட்டிக்காரி.

"ஏம்மா" என்றாள் மெதுவாக. "அப்ப எதிர்வீட்டு சுவாதிக்கு?"

இலக்கியா பெட்டியைக் கட்டினாள்.

வேனுக்குள் வந்து உட்கார்ந்ததும் பதிவேட்டைத் திறந்தாள். புது வெள்ளி வந்த நாளிலிருந்து ஒன்பதாம் எண் வேனில் மாத்திரை விழுங்கியவர்கள் அறுநூற்று இரண்டு பேர். சில பெயர்களுக்கு முகம் ஞாபகம் வந்தது. பெரும்பாலான பெயர்களுக்கு வரவில்லை. அதுதான் அவளைப் பிடுங்கித் தின்றது.

யோசிக்க யோசிக்க ஒரு சுலபமான வழியும் கண்முன்னால் வந்து நின்றது. நாளையிலிருந்து குழாய்க்குத் தக்கைமூடி வாங்கி வைத்துக்கொள்ளலாம். கையுறையும் இருக்கும், கோடும் விழாது. மண்ணில் நஞ்சு குறைந்துவிட்டது என்று வாரியம் சந்தோஷமாக அறிக்கை விடும். யாருக்கும் தெரியாது. பிரியதர்ஷினி ஒருத்தி சந்தேகப்படுவாள். ஒருத்தி பேச்சை யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் மீதிப் பன்னிரண்டு வேன்களிலும் இலக்கியாவின் படத்தைப் பார்த்துப் பாடம் படித்த பன்னிரண்டு கட்டைவிரல்கள் இன்று காலையும் குலுக்கிக்கொண்டிருக்கின்றன. அவற்றை நிறுத்த வேண்டுமானால் வாயைத் திறந்தாக வேண்டும். வாயைத் திறந்தால் அறுநூற்று இரண்டும் சேர்ந்தே வெளியே வரும்.

அப்போதுதான் பிரவீன்குமார் ஞாபகம் வந்தது.

நாலாம் எண் வேனில் இருந்தவன். சோம்பேறி என்று பெயர் எடுத்தவன். அவன் வட்டாரத்தில் மாதக்கணக்காகக் கோடே விழாது. அவன் கையுறை போடுவதில்லை என்பதை இலக்கியா தன் கண்ணாலேயே ஒருமுறை பார்த்தாள். குழந்தைகளின் உயிரோடு விளையாடுகிறானே என்று வயிறு எரிந்து, வாரியத்துக்குப் புகார் எழுதினாள். இவர் காய்ச்சும் வெள்ளி குருடு, கையும் சுத்தமில்லை என்று எழுதியது அவள்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவனை வேலையைவிட்டு எடுத்துவிட்டார்கள். அவன் முடிவுகளையும் கணக்கில் எடுக்காமல் தள்ளிவிட்டார்கள்.

எண்ணைத் தேடி எடுத்து அழைத்தாள். எடுத்தவன் குரலில் ஆச்சரியம் இருந்தது.

"இலக்கியா மேடமா? சொல்லுங்க மேடம். நல்லாருக்கீங்களா?"

"இருக்கேன் பிரவீன். இப்ப எங்க இருக்கீங்க?"

"ஆத்தூர்ல மேடம். ஜவ்வரிசி மில்லுல சூப்பர்வைசர்."

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். வேலையில இருந்தப்ப நீங்க ஒருநாள்கூடக் கையுறை போட்டதில்லையா?"

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். "இன்னுமா மேடம் அதை விடல? கை வேர்த்து ஊத்தும் மேடம். போட்டா புண்ணாயிடும். சோப்புப் போட்டுக் கழுவிட்டு வெறுங் கையாலதான் பண்ணுவேன். தப்புதான். ஒத்துக்கிட்டேனே அப்பவே."

இலக்கியா காலையில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். மித்ரா குலுக்கியது, பாக்கெட் பால், தேங்காயெண்ணெய். சொல்லி முடித்ததும், "உங்க வெள்ளி குருடு இல்ல பிரவீன். உங்க முடிவு எல்லாம் சரி. நான்தான் தப்பு. இத வாரியத்துக்கு எழுதப்போறேன், உங்கள சாட்சியாப் போடணும்" என்றாள்.

மில்லில் ஏதோ இயந்திரம் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"பிரவீன்?"

"எங்க வீட்டுக்காரிக்கு நீங்கதானே மேடம் பாத்தீங்க" என்றான் அவன்.

இலக்கியா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "எப்ப?"

"என்னை எடுத்த அந்த மாசந்தான். ரெண்டாவது பொண்ணு பொறந்திருந்துச்சு. அவங்கம்மா வீடு குன்னம் பக்கம், உங்க வட்டாரம். பேரு நிரஞ்சனா. உங்களுக்கு ஞாபகம் இருக்காது. எம் பொண்டாட்டின்னு அவ சொல்லியிருக்கமாட்டா. சங்கடமா இருக்கும்னு."

அவளுக்கு ஞாபகம் இல்லை. பதிவேட்டில் விரலை ஓட்டினாள். இருந்தது. குன்னம், நிரஞ்சனா, இரண்டு கோடு, மாத்திரை கொடுக்கப்பட்டது.

"நான் பாக்காம இல்ல மேடம்" என்றான் பிரவீன்குமார். குரலில் கோபம் துளியும் இல்லை. அதுவே அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. "வேனை ஒப்படைக்கிறதுக்கு முந்தின நாள், நானே வெள்ளி காய்ச்சி அவ பாலைப் பாத்தேன். மூணு தடவை பாத்தேன். ஒண்ணுமே இல்லை. மறுநாளு நீங்க போயி ரெண்டாவது டெஸ்ட்டு எடுத்து, இருக்குன்னு சொல்லிட்டீங்க. அவ என்னைக் கேட்டா, நீங்க பாத்ததுல இல்லையே, எதை நம்புறதுன்னு. நான் என்ன சொன்னேன் தெரியுமா மேடம்? எங் கை குருட்டுக் கை, அந்தம்மா கை தப்பாதுன்னு சொன்னேன். அவ முழுங்க மாட்டேன்னு அழுதா. அவள அடுப்படிக்குள்ள கூப்பிட்டு, மாத்திரைய நான்தான் பிரிச்சு அவ கையில வச்சு அனுப்புனேன். கூடத்துல உங்க முன்னாடி நின்னு முழுங்குனா. நான் அடுப்படியிலயே ஒதுங்கி நின்னுட்டேன், நீங்க கவனிக்கல."

"பாப்பா எப்படியிருக்கா?" என்று கேட்டாள் இலக்கியா.

"இருக்கா. ரெண்டு வயசாகுது. எடை ஏறல. அடிக்கடி ஆஸ்பத்திரி." கொஞ்சம் நிறுத்தினான். "சாட்சியா எம் பேரப் போட்டுக்குங்க மேடம். எழுதுங்க. ஆனா நிரஞ்சனாகிட்ட இத யாரு சொல்றது?"

அவனே வைத்துவிட்டான்.

வெள்ளித் துண்டுகள் தட்டில் ஓரத்திலிருந்து கறுக்க ஆரம்பித்திருந்தன. மணி பதினொன்று ஆகப்போகிறது. அடுத்த ஊரில் நாலு பேர் காத்திருப்பார்கள். இன்றைக்கு யாரும் வரமாட்டார்கள், யாரும் பாலை நிறுத்தவேண்டாம் என்று அவர்களுக்குத் தகவல் அனுப்பினாள். மற்ற பன்னிரண்டு வேன்களின் குழுவிலும், 'கட்டைவிரலை எடுங்கள். கையுறையில் இருக்கிறது. இன்று யாருக்கும் மாத்திரை கொடுக்காதீர்கள். விவரம் பின்னால்' என்று போட்டாள். உடனே ஏழெட்டுப் பேர் கேள்விக்குறி அனுப்பினார்கள். ஒருத்தி, 'மேடம், இப்பத்தான் ஒருத்தங்களுக்குக் குடுத்தேன்' என்று எழுதினாள்.

பிறகு வாரியத்தின் புகார்ப் படிவத்தைத் திரையில் திறந்தாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் நிரப்பிய அதே படிவம். கட்டங்கள்கூட மாறவில்லை. குற்றத்தின் தன்மை என்ற இடத்தில் நடந்ததைச் சுருக்காமல் எழுதினாள். பாதிக்கப்பட்டோர் என்ற இடத்தில் பதிவேட்டின் அறுநூற்று இரண்டு பெயர்களையும் அப்படியே இணைத்தாள். சாட்சி, பிரவீன்குமார், முன்னாள் நாலாம் எண் வேன். புகாருக்கு உள்ளானவர் என்ற இடத்தில் வந்து கை நின்றது. உப்பு விடும்போது நிற்குமே, அந்த மாதிரி. பிறகு தன் பெயரையும் வேன் எண்ணையும் எழுதி அனுப்பினாள்.

வாரியம் என்ன செய்யும் என்று அவளுக்கு ஓரளவு தெரியும். கையுறை வாங்கிய கோப்பைத் தேடுவார்கள், கிடைக்காது. ஒரு குழு போடுவார்கள். அவளை வீட்டுக்கு அனுப்புவார்கள். அனுப்பட்டும் என்று இருந்தது அவளுக்கு.

சாதிக் பாட்சா வண்டியில் ஏறி உட்கார்ந்தார். எல்லாவற்றையும் கேட்டிருப்பார் போலிருக்கிறது, கண்ணாடியில் அவளைப் பார்க்கவில்லை. மடியில் மாத்திரைப் பெட்டி இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் அதை இருக்கைக்கு அடியில் தள்ளினார்.

"கிளம்பலாமா மேடம்? அடுத்து எங்க? ஆபீசா, குன்னமா?"

"குன்னத்துக்கு அப்புறம் போவோம்ணே" என்று சொல்லிவிட்டு இலக்கியா கையுறைகளைக் கழற்றினாள். காலையிலிருந்து ரப்பருக்குள் கிடந்து விரல்கள் வெளிறிச் சுருங்கியிருந்தன. பதிவேட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி வேனிலிருந்து இறங்கினாள். "வண்டிய இங்கயே போட்டு வைங்க. நான் எதிர்வீட்டுக்குப் போயிட்டு வந்துடுறேன்."

சுவாதியின் வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே யாரோ டின்னிலிருந்து மாவைக் கரண்டியால் அளந்து போடும் சத்தம் கேட்டது.